வேனின் பின்பக்கக் கமரா

கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். கல்முனைக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றில், மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டின் முன் அறையை ஸ்டூடியோவாக்கி வைத்திருக்கிறேன். நிக்காஹ், வலீமா விருந்து, சுன்னத்துக் கல்யாணம், பாலர் பாடசாலை விழா என்று வருசத்தின் பெரும்பகுதி வேலை இருக்கும். மாரி இறங்கிவிட்டால் கல்யாணங்கள் குறையும். கமராக்களைத் துடைத்து அலுமாரியில் வைத்துவிட்டு வாசலில் விழும் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தச் சும்மா இருந்த மாதங்களில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. தாழமுக்கம், சூறாவளி, கடல் கொந்தளிப்பு, குளம் நிறைந்து வான் பாய்வது, எது வருகிறதென்று கேள்விப்பட்டாலும் அதை நோக்கி ஓடிப்போய்ப் படம் பிடிப்பேன்.

தொடக்கத்தில் அதில் ஒரு நன்மை இருந்தது. ஒரு மாரியில் கடல் ஏறி, மீனவர்களின் வாடிகளுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டி, கடற்கரையில் இருந்து எங்கள் ஒழுங்கை வரைக்கும் நடந்து நடந்து எடுத்தேன். ஸ்டூடியோ விளம்பரத்துக்காக வைத்திருந்த இணையப் பக்கத்தில் அதைப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் கட்டாரில் இருந்தும் ரியாத்தில் இருந்தும் அழைப்புகள். "காக்கா, பள்ளிக்குப் பின்னால எங்கட வீடு. ஒருக்கா அந்தப் பக்கம் போய்க் காட்ட ஏலுமா?" என்று, அண்ணன் முறை சொல்லி, ஒருவன் கேட்டான். போய்க் காட்டினேன். அவனுடைய உம்மா வாசலில் நின்று கை காட்டினார். போனின் மறுமுனையில் அவன் அழுதது எனக்குக் கேட்டது. நான் செய்ததும் உபயோகமான ஒரு வேலைதான் என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது.

அடுத்த மழைக்குப் போன் போதவில்லை. ஈர விரல் பட்டால் திரை தன்பாட்டில் ஓடும். பாதி வீடியோவில் என் உள்ளங்கைதான் இருக்கும். கல்யாணத்துக்கு வைத்திருந்த கமராவை, குளிக்கும்போது பெண்கள் தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பியால் மூடிக்கொண்டு கடலுக்குப் போனேன். உப்புக் காற்று லென்ஸுக்குள் புகுந்துவிட்டது. சூம் வளையத்தைத் திருப்பினால் மணலைத் தேய்ப்பது போல ஒரு சத்தம். அடுத்த கிழமை ஒரு மணப்பெண்ணை அதே லென்ஸால் எடுத்தேன். படத்தில் அவள் அடுப்புப் புகைக்குள் இருப்பது போல இருந்தாள். அவளுடைய வாப்பா ஸ்டூடியோவுக்கே வந்து ஏசிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மழைக்கென்றே ஒரு கமரா வாங்கினேன். உடம்பெல்லாம் ரப்பர் ஓரம் வைத்து அடைத்தது. நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. கண்ணாடியில் துளி நிற்கிறதே என்று, வேன் கண்ணாடிக்குப் பூசும் மருந்தை வாங்கி லென்ஸின் முன்கண்ணாடியில் பூசினேன். பிறகு உள்ளங்கை அளவான சின்னக் கமராக்கள் நான்கு. பிறகு ஒரு டிரோன். அது மூன்றாவது பறப்பிலேயே வாடைக்காற்றில் அடிபட்டுக் கடலுக்குள் போனது. இன்னொன்று வாங்கினேன், காற்றுக்குத் தாங்குவதாக.

கமரா பெரிதாக, கம்பியூட்டர் திணறியது. பழைய கம்பியூட்டரில் ஒரு வீடியோவைத் திறந்தால் பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். கல்முனையில் ஒரு கடையில் உட்கார்ந்து, நானே பாகங்களைத் தெரிந்தெடுத்துப் புதிதாக ஒன்று பூட்டுவித்தேன். அது வீட்டுக்கு. வேனுக்குள் ஒரு லெப்டொப், அதை ஆடாமல் வைக்க ஆணியடித்த ஒட்டுப்பலகைத் தட்டு, மின்சாரத்துக்கு ஒரு இன்வேட்டர், இரண்டு கம்பனிகளின் சிம்களையும் ஒன்றாய் இழுக்கும் ரவுட்டர், கூரையில் ஒரு அன்டெனா. திரையின் ஒரு பாதியில் செய்மதிப் படம், மறு பாதியில் நாங்கள் நேரடியாகக் காட்டுவதைப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை. தொடக்கத்தில் செய்மதிப் படத்தைத்தான் அதிகம் பார்த்தேன். எந்த மழையில் இருந்து அந்த எண்ணிக்கையை அதிகம் பார்க்கத் தொடங்கினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

வேன் என் மனைவியின் தம்பியுடையது. என்னைவிட வயதில் இளையவன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவான், மற்ற நேரம் வாடகைக்கு ஓடுவான். நான் அவனையும் அவன் என்னையும் மச்சான் என்றே கூப்பிடுவோம். என்னுடைய பைத்தியத்தில் அவனுக்குப் பாதி ஒட்டியது. நான் படம் பிடிப்பேன், அவன் ஓட்டுவான்.

ஒருமுறை அட்டாளைச்சேனைப் பக்கம் வெள்ளத்துக்குள் இறங்கி வேன் நடுவில் நின்றுவிட்டது. உழவு இயந்திரத்தால் இழுத்துக் கராஜுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் இன்ஜினைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"தண்ணியக் குடிச்சிட்டு. உள்ளுக்க கம்பி வளஞ்சி போய்க் கிடக்கு. காத்து இழுக்கிற வாய் கீழ இரிக்கும்வரைக்கும் இப்பிடித்தான்."

"வாயை மேல கொண்டுபோக ஏலுமா?" என்று கேட்டேன்.

"ஏலும். கூரைக்கு மேலால ஒரு குழாய் ஏத்திவிட்டா இடுப்பளவு தண்ணிக்குள்ளயும் போகலாம். ஆனா இன்ஜின் நிக்காது எண்டதுக்காக வேன் மிதக்காது எண்டு இல்ல. அத மறந்திராதீங்க."

குழாய் ஏற்றினோம். சில்லுகளுக்கு மேலுள்ள வில்லுகளுக்குக் கட்டை வைத்து வேனின் உடம்பை உயர்த்தினோம். புகைக் குழாயையும் மேலே திருப்பினோம். சேற்றுக்குப் பிடிக்கிற ஆழவெட்டு டயர், முன்னால் ஒரு நீள லைட். கடைசியாகப் பின்கதவில் ஒரு அகலக் கமரா. வெள்ளத்துக்குள் பின்னால் எடுக்கும்போது மச்சானுக்கு வீதியின் ஓரம் தெரிய வேண்டும் என்பதற்காக. இன்ஜின் ஓடும்வரை அது எல்லாவற்றையும் ஒரு கார்டில் பதிந்துகொண்டே இருக்கும். வேனுக்குள் நாங்கள் கதைப்பதும் அதில் சேர்ந்து பதியும்.

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் பாதுகாப்புக்கு என்றுதான் மனைவியிடம் சொல்வேன். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் முன்பு எந்த இடத்தில் பயந்து நிறுத்துவோமோ, அந்த இடத்தில் இருந்துதான் இப்போது தொடங்கினோம்.

அந்த நாளைச் சொல்கிறேன். இரண்டு நாள் விடாமல் மழை. மேற்கே பெரிய குளத்தின் வான் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று காலையில் செய்தி வந்தது. அந்தத் தண்ணீர் வயல்களைத் தாண்டிக் கடலுக்கு வரும். வழியில் எங்கள் பகுதியையும் உட்பகுதிக் கிராமங்களையும் இணைக்கும் தார் வீதி ஒன்று இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை. பகல் ளுஹர் தொழுதுவிட்டு நானும் மச்சானும் புறப்பட்டோம்.

நாங்கள் போனபோது வீதியின் ஒரு பகுதிக்கு மேலால் தண்ணீர் வடக்கில் இருந்து தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நடுவில் ஒரு மதகு. அதன் கைப்பிடிச் சுவரின் தலை மட்டும் தெரிந்தது. பொலிஸ் இன்னும் வந்திருக்கவில்லை. நாலைந்து பேர் இந்தக் கரையில் குடையோடு நின்றார்கள். யாரும் இறங்கவில்லை.

மச்சான் வேனை மெதுவாக்கினான். "மச்சான், மதகுக்குக் கிட்ட சுழிக்குது. கிறுகித் திரும்பிப் போவமா?"

"இந்த வேனுக்கு இது ஒரு தண்ணியா?" என்றேன்.

லெப்டொப்பில் அந்த நேரம் இருந்த எண்ணிக்கை, நான் அதுவரை கண்ட எல்லாவற்றையும்விடப் பெரியது. மச்சான் முதலாவது கியரைப் போட்டான். நான் மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடித்தேன். அன்றைக்கு நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு எத்தனையோ முறை அதைக் கேட்க நேர்ந்தது.

"பாருங்க, ரோட்டுக்கு மேலால தண்ணி போகுது. ஆக்கள் பயந்து நிக்காங்க. ஆனா பெரிசா ஒண்டும் இல்ல. போகலாம். நாங்க போய்க்கொண்டிரிக்கம்."

போய்விட்டோம். மதகடியில் பின்பக்கம் ஒருமுறை லேசாக இழுபட்டது. மச்சான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். அவ்வளவுதான். அந்தக் கரையில் ஏறி, இன்னும் கொஞ்சத் தூரம் போய், மூழ்கிய வயல்களைக் காட்டுவதற்காக இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினோம். கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்து நெல். ஒரு தாள்கூட வெளியே தெரியவில்லை. அதைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்னால் கூக்குரல் கேட்டது. நான் அதை வெள்ளத்தைப் பார்த்துப் போடும் சத்தம் என்றுதான் நினைத்தேன். மச்சான்தான் திரும்பிப் பார்த்தான்.

"ஆரோ விழுந்திட்டாங்க."

திரும்பி ஓடினோம். முதற் கரையில் குடையோடு நின்றவர்கள் தெற்கே கையைக் காட்டிக் கத்தினார்கள். தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. மச்சான் சாரனை மடித்துக் கட்டி இறங்கப் போனான், நான் அவனுடைய கையைப் பிடித்தேன். என்னிடம் கூரை வரைக்கும் குழாய் இருந்தது, இரண்டு சிம் இருந்தது, நான்கு சின்னக் கமரா இருந்தது. ஒரு கயிறு இருக்கவில்லை.

விழுந்தவர் தச்சு வேலை செய்கிறவர். வீதியின் அந்த முனையில் இந்துத் தமிழர் வாழும் ஒரு கிராமம் அவருடையது. கல்முனையில் ஒரு கூரை வேலையை மழைக்காக நிறுத்திவிட்டு, மாடுகளை மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர். மறுநாள் காலை, தண்ணீர் கொஞ்சம் வற்றியபோது, வயல் வேலியின் முட்கம்பியில் அவருடைய உடல் கிடந்தது. உளி, சுத்தியல் எல்லாம் போட்ட தோல் பை நெஞ்சுக்குக் குறுக்காக மாட்டியபடியே இருந்தது. அதன் பாரம்தான் அவரை மேலே வரவிடவில்லை என்றார்கள்.

உடலைக் கொண்டுபோன பிறகு வீட்டுக்கு வந்தேன். அப்போதுதான் பின்கமரா ஞாபகத்துக்கு வந்தது. கார்டைக் கழற்றிப் புதுக் கம்பியூட்டரில் போட்டேன். அது ஒரு நொடிகூடச் சுற்றவில்லை. உடனே திறந்தது.

வேன் தண்ணீருக்குக் கிட்ட நிற்கிறது. பின்னால் மோட்டார் சைக்கிள் வருகிறது. அவர் நிறுத்துகிறார். ஒரு காலை ஊன்றி, முகத்தில் வழியும் மழையைக் கையால் வழித்து எறிகிறார். எட்டித் தண்ணீரைப் பார்க்கிறார். வேன் இறங்குகிறது. அவர் அப்படியே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் குரல் சொல்கிறது, போகலாம். அது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் வேன் போவது அவருக்குத் தெரிந்தது. நாங்கள் அந்தக் கரையில் ஏறியதும் நனைந்த பிரேக் பிடிக்கிறதா என்று மச்சான் ஒருமுறை அழுத்திப் பார்த்திருக்கிறான். பின்லைட்டின் சிவப்பு தண்ணீரில் விழுகிறது. அவர் பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டு, காலை எடுத்து, இறங்குகிறார். தூரத்தில் அவர் சின்னதாகத் தெரிகிறார். மதகடியில் மோட்டார் சைக்கிளின் முன்சில்லு ஒரு பக்கமாகப் போகிறது. அவர் ஒரு கதிரையில் உட்காருவது போல உட்காருகிறார். பிறகு இல்லை. அந்த நேரம் என் குரல், தோஹாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறது.

என் பின்னால் மனைவி நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "உங்கட குரலக் கேட்டா எனக்கே நம்பி இறங்கத்தான் தோணுது."

நேரடியாகக் காட்டிய வீடியோவை அவர் விழுந்த அன்றே பக்கத்தில் இருந்து எடுத்துவிட்டேன். பின்கமராவின் பதிவை அழிக்கக் கை போனது, அழிக்கவில்லை. யாருக்கும் காட்டவும் இல்லை. பொலிஸில் வாக்குமூலம் கேட்டபோது, பின்னால் ஒருவர் வந்ததைக் கண்டீர்களா என்றார்கள். காணவில்லை என்றேன். அது உண்மை. கமராவைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. மரண விசாரணையில் விபத்து என்று முடிந்தது.

ஒரு கிழமைக்குள் இறந்தவரின் மைத்துனர், அதாவது அவருடைய மனைவியின் அண்ணன், ஸ்டூடியோவுக்கு வந்தார். வெளியே நிறுத்தியிருந்த வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"பின்னுக்கு ஒரு கமரா இருக்கே. அதுல அவன் விழுந்தது பதிஞ்சிருக்குமோ?"

"அது ரிவர்ஸ் போட்டா மட்டும்தான் வேலை செய்யும்" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே வாசலில் மச்சான் நிற்பதைக் கண்டேன். அவர் போனதும் அவன் உள்ளே வந்தான்.

"பின்கமரா ஓடினதுதானே?"

"ஓம்."

"பாத்தீங்களா?"

"பாத்தன்."

"நான் பிரேக்கை அடிச்சன். அவருக்கு லைட்டு விளங்கியிருக்குமா? வா எண்டு நினச்சிருப்பாரா?"

நான் கார்டு கிடந்த மேசை லாச்சியைத் தள்ளி மூடினேன். அவனுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அன்றையில் இருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு வேறு ஆளை வைத்தான். பிள்ளைகள் பின்னால் இருக்கும்போது பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை என்று தன் ராத்தாவிடம், அதாவது என் மனைவியிடம், சொன்னானாம்.

முப்பத்தோராம் நாள் கடமைகள் முடிந்து கொஞ்ச நாளில் இறந்தவரின் மனைவி தனியாக வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறாள். என் மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் உட்காரவில்லை.

"காக்கா, நான் சண்டைக்கு வரல்ல. ஒண்டு கேட்டுப் போக வந்தன். அவர் நிண்டு பாத்தவரா, நிக்காம வந்தவரா?"

எனக்கு விளங்கவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"அவர் குடிச்சிட்டுப் போய்த் தண்ணிக்குள்ள விழுந்தவரெண்டு ஊருக்க கதைக்காங்க. மாமா, அவரைப் பெத்தவர், அவரும் அதத்தான் நம்புறார். கலியாணத்துக்கு முதல் குடிச்சவர்தான், நான் இல்லையெண்டு சொல்லல்ல. மகள் பிறந்த நாளோட விட்டவர். ஆஸ்பத்திரியில ஒண்டும் இல்ல எண்டுதான் எழுதிக் குடுத்தாங்க. அத ஆரும் வாசிக்கல்ல. குடிகாரன்தான் அப்பிடி இறங்குவான் எண்டு சொல்றாங்க. நீங்க முன்னுக்குப் போனீங்க. உங்களுக்குத் தெரியுமெண்டு வந்தன்."

நான் சொல்லாமல் இருந்தது என்னை மட்டும் மூடிவைக்கவில்லை, செத்தவர் மீது சேற்றையும் பூசிக்கொண்டிருந்தது என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அவருடைய வீட்டில், அவருடைய படத்துக்கு முன்னால், அவரைக் குடிகாரன் என்று கதைத்திருக்கிறார்கள். அதை நிறுத்தக்கூடிய பொருள் என் மேசைக்குள் இருந்தது.

"தங்கச்சி, உங்கட அண்ணனுக்கு நான் பொய் சொன்னன்" என்றேன். "அந்தக் கமரா பதிஞ்சிரிக்கி."

அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான் மேலும் சொன்னேன். "காட்டுறன். ஆனா அதுல என்ட குரலும் இரிக்கி. அதக் கேட்டா உங்களுக்கு..."

"போகலாம் எண்டு சொன்னதுதானே" என்றாள். "பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருத்தன் உங்கட லைவ்வ போன்ல எடுத்து வச்சிருந்தவன். நான் அத எத்தனையோ தரம் கேட்டுட்டன். அதுக்கு நான் வரல்ல."

நான் அழித்ததாக நினைத்த குரலை அவள் தன் வீட்டில் இருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதைத் தெரிந்துகொண்டுதான் என்னைக் காக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

போட்டேன். அவர் காலை ஊன்றி நின்றபோது அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள். முகத்தை வழித்து எறிந்தபோது, "இப்பிடித்தான் வழிப்பார்" என்று என் மனைவியிடம் சொன்னாள். வேன் இறங்கியதும் கையை நீட்டினாள். நான் நிறுத்தினேன்.

"இதுக்கு அங்கால எனக்கு வேணாம். நிண்டவர்தானே. பாத்துக்கொண்டு நிண்டவர்தானே."

"ஓம். நிண்டவர்."

அப்போதுதான் அழுதாள். என் மனைவி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

புறப்படும்போது இரண்டு காரியம் கேட்டாள். அவர் நிற்கும் பகுதியை மட்டும் வெட்டித் தன் போனில் போட்டுத்தர வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரின் அப்பா அவள் வீட்டுக்கு வருவார், நான் வந்து முழுவதையும் அவருக்குக் காட்ட வேண்டும். "நான் சொன்னா நம்பமாட்டார். நீங்க சொன்னாலும் நம்பமாட்டார். கண்ணால காணட்டும்."

ஞாயிற்றுக்கிழமை, ராத்தா சொல்லித் தெரிந்துகொண்டு, மச்சானே வந்து ஸ்டியரிங்கில் ஏறினான். அந்த வீதியால்தான் போக வேண்டும். தண்ணீர் வற்றி, மதகின் ஒரு பக்கச் சுவர் உடைந்து கிடந்தது. அவன் மதகைத் தாண்டும்வரை நடந்து போகும் வேகத்தில்தான் ஓட்டினான்.

முற்றத்தில் வேப்பமரத்துக்குக் கீழே கதிரைகள் போட்டிருந்தார்கள். ஏழெட்டு ஆண்கள். வாசல்படியில் அவளும் இரண்டு மூன்று பெண்களும். வெள்ளத்தைத் தேடிப் போவதற்கு வாங்கிய லெப்டொப்பை ஒரு ஸ்டூலில் வைத்துத் திறந்தேன். அப்பா முன்னால் இருந்தார். கறுத்து மெலிந்த உடம்பு, கைகளில் தச்சு வேலையின் காய்ப்பு. மகனுக்குத் தொழில் கொடுத்தவர் அவர்தான் போலிருந்தது.

ஒரு தடவை பார்த்தார். திருப்பிப் போடச் சொன்னார். இரண்டாம் தடவை முடிந்ததும் திரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"கதைக்கிறது நீங்களா?"

"ஓம் ஐயா."

"ஓட்டினது?"

"நான்தான்" என்று மச்சான் எனக்குப் பின்னால் இருந்து சொன்னான்.

நான் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போன மன்னிப்பு ஒன்று இருந்தது. அதில் பாதிதான் வெளியே வந்தது. மைத்துனர் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். "ரிவர்ஸ் போட்டா மட்டும்தான் எண்டாய், என்னடா? என்ர முகத்தப் பாத்துச் சொன்னாய்." அவர் அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பா கையை உயர்த்தினார். மைத்துனர் விட்டுவிட்டார்.

"என்ர மகன் தண்ணியப் பாத்து நிண்டிருக்கான்" என்றார் அவர், சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்கும்படி. "குடிவெறியில வந்தவனில்ல. எல்லாரும் கண்டீங்கதானே." யாரோ, ஓம் என்றார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "தம்பிமார் எழும்பிப் போங்க. இனி இஞ்ச வராதீங்க."

எழுந்து வந்தோம். வாசலில் இருந்த அவள் தலையை நிமிர்த்தவில்லை. வரும் வழியில் மச்சான் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். அவனுடைய முதுகில் கை வைத்தேன். தட்டிவிட்டான்.

பதிவின் பிரதி ஒன்றைப் பொலிஸிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வைத்தார்கள். விபத்து என்பது மாறவில்லை. என் இணையப் பக்கத்தில், நடந்ததை எழுதி என் குரலோடு ஒரு விளக்கம் போட்டேன். சிலர் திட்டினார்கள், பலர் எனக்குத் தைரியம் சொன்னார்கள். அந்தத் தைரியம் சொன்னவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தை மூடிவிட்டேன்.

மச்சான் வேனை விற்றான். வாங்கியவர் தேங்காய் வியாபாரி. கூரைக்கு ஏறிய குழாயைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலை என்று மெச்சினார். மச்சான் கட்டாருக்குப் போய் ஒரு கம்பனியில் பாரவண்டி ஓட்டுகிறான். ராத்தாவுடன் கிழமைக்கு ஒருமுறை கதைப்பான். போனை என்னிடம் கொடுக்கச் சொல்வதில்லை. பாலைவனத்தில் மழையே இல்லை, அதுதான் நிம்மதி என்று ஒருநாள் அவளிடம் சொன்னானாம்.

நான் கல்யாணம் எடுக்கிறேன். மழைக்கென்று வாங்கிய கமராவும் இப்போது மண்டபங்களுக்குள்தான் வேலை செய்கிறது. அந்தத் தமிழ்க் கிராமத்தில் இருந்து யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானும் போகவில்லை.

இதை எழுதி முடித்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். போன மாரியில் வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம் உருவாகி எங்கள் கரையை நோக்கித் திரும்பியது. காலையில் இருந்து வானம் மஞ்சளாகக் கிடந்தது, கடல் இரைந்தது. நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. எங்கும் போகமாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஆனால் மனைவி தேநீர் கொண்டுவந்தபோது, நான் கம்பியூட்டரில் செய்மதிப் படத்தைத் திறந்து வைத்து, புதிதாக வந்திருக்கும் மழைக்கமரா ஒன்றின் படத்தைப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கோப்பையை வைத்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாங்கப் போறீங்களா?"

"இல்ல" என்றேன். "சும்மா பாத்தன்."

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. வெளியே முதல் துளிகள் தகரத்தில் விழத் தொடங்கியிருந்தன. நான் படத்தை மூடவில்லை.